பதினோரு முறை கவிழ்ந்த வண்டி

நூற்றுக்கு முப்பத்தொன்று. தொட்டில்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் முப்பத்தொன்றுதான்.

"இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன். எனக்கு முப்பத்தொன்னா?" என்று ஸ்டியரிங்கைப் பார்த்துக் கேட்டார். ஸ்டியரிங் என்ன சொல்லும் பாவம்.

தொட்டில்காரர் என்பது அவருக்கு வண்டியில் ஏறுகிறவர்கள் வைத்த பேர். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வாரம் மூன்று நாள் வீடு வீடாகப் போய் ஏற்றி, டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரியில் விட்டு, நாலு மணி நேரம் கழித்துத் திரும்ப ஏற்றி வீட்டில் சேர்ப்பதுதான் அவர் வேலை. ஆறு பேர் ஏறுவார்கள். இயந்திரத்தில் ரத்தம் சுத்தமாகி வருகிறவர்களுக்குத் தலை கிறுகிறுக்கும், வயிற்றைப் புரட்டும். ஒரு குலுங்கல் போதும், உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். இவர் வண்டியில் அந்தப் பேச்சே இல்லை. வண்டி நிற்கப் போகும் கடைசி நொடியில் பிரேக்கை ஒரு நூல் விட்டுப் பிடிப்பார். நின்றதே தெரியாது. பின்சீட்டில் வரும் தையல்காரர் சிக்னலில் கண் விழித்து, "என்னய்யா, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்பார். அதற்குள் பாதி தூரம் வந்திருக்கும்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி அவருடைய அக்கா. அக்காவுக்குப் பிறகு இரண்டு அண்ணன்மார், அப்புறம் இவர். பெரிய அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். சின்ன அண்ணன் மாமனார் வீட்டில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, அக்காவுக்கு என்று மிஞ்சியது இந்தத் தம்பி ஒருவர்தான். அக்காவுக்குச் சிகிச்சை ஆரம்பித்த மாதமே, நெடுந்தூர பஸ் ஓட்டிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இந்த வேனுக்கு மாறினார். மாறியதற்கு வேறு காரணம் கிடையாது.

மார்க் போடுவது யார் என்று கேளுங்கள். மனுஷன் இல்லை, போனில் திறக்கிற ஒரு பக்கம். நிறுவனம் புதிதாகக் கொண்டுவந்தது. தனியாக எதையும் போனில் ஏற்ற வேண்டியதில்லை, பிரவுசரில் முகவரியைத் தட்டினால் திறந்துகொள்ளும். போனுக்குள் அசைவைக் கண்டுபிடிக்கும் பொடிப் பொடிக் கருவிகள் இருக்கின்றனவாம். போன் முன்னால் தள்ளப்பட்டதா, பின்னால் இழுபட்டதா, சாய்ந்ததா, திரும்பியதா என்று ஒரு நொடிக்கு அறுபது தடவை அந்தப் பக்கத்திடம் கோள் சொல்லிக்கொண்டே இருக்குமாம். அதை வைத்து, இந்த ஓட்டுநர் முரட்டுத்தனமாக பிரேக் போட்டான், இவன் வளைவில் வெட்டித் திருப்பினான் என்று பக்கம் முடிவுகட்டிவிடும்.

சூப்பர்வைசர் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "போனை ஹோல்டர்ல நேரா நிக்க வைங்க. பக்கத்தைத் திறந்தே வைங்க. அசைவைக் கவனிக்கலாமான்னு அனுமதி கேக்கும், சரின்னு அழுத்துங்க. அவ்வளவுதான். சின்னக் குழந்தை கூடச் செய்யும்."

தொட்டில்காரர் அத்தனையும் செய்தார். ஹோல்டரை முன்கண்ணாடியில் ஒட்டினார். முதல் நாள் காலையிலேயே அது இரண்டு தடவை கழன்று விழுந்தது. இரண்டாவது தடவை போன் அக்காவின் மடியில் வந்து விழுந்தது. அக்கா எப்போதும் முன்சீட்டில்தான் உட்காருவாள், பின்னால் உட்கார்ந்தால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது.

"இந்தப் பிளாஸ்டிக் கையை நம்பியாடா போனைக் குடுத்தே?" என்றாள் அக்கா. "நான் எதுக்குப் பக்கத்துல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்? இங்க குடு, நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து போன் அக்கா பொறுப்பு. ஊசி ஏற்றும் இடதுகையில் அவள் எதையும் தூக்கக் கூடாது. அதனால் வலதுகையில் பிடித்துக்கொள்வாள், கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல. நோய் வந்த பிறகு வீட்டில் யாரும் அவளை ஒரு வேலை செய்ய விட்டதில்லை. தண்ணீர்க் குடத்தைத் தொடாதே, மாடி ஏறாதே, குனியாதே. இந்த ஒரு வேலைதான் அவளுக்கென்று கிடைத்தது. வண்டியில் ஏறியதும் கையை நீட்டிவிடுவாள்: "எங்கே என் பொறுப்பு?"

அது மட்டுமா, காலையில் போகும்போது அக்கா பேசிக்கொண்டே வருவாள். பேச்சு என்றால் சொந்தக்காரர்கள் பேச்சுதான். யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், யார் யாரிடம் எத்தனை வருஷம் பேசாமல் இருந்தார்கள், எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். பின்சீட்டில் வரும் ஐந்து பேருக்கும் இப்போது அந்தக் குடும்பத்து ஆட்கள் மனப்பாடம். திரும்பும்போது மட்டும் பேச்சு இருக்காது. இயந்திரம் அவளைச் சக்கையாகப் பிழிந்து அனுப்பியிருக்கும். போனை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள்.

மார்க்கைப் பாருங்கள். காலைப் பயணத்துக்கு முப்பத்தொன்று. திரும்பிய பயணத்துக்குத் தொண்ணூற்றேழு. அதே ஓட்டுநர், அதே வண்டி, அதே சாலை. இரண்டில் எது குறைவோ அதுதான் அன்றைய மார்க் என்று அலுவலகத்தில் ஒரு சட்டம் வேறு. எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ.

இரண்டாம் வாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். வயதில் இவருடைய மூத்த மகனைவிடச் சின்னவர், மரியாதை தெரிந்த பிள்ளை. அதனால்தான் தொட்டில்காரருக்குக் கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியவில்லை.

"அண்ணே, காலையில கொஞ்சம் அவசரமா ஓட்டுறீங்களோ?"

"அவசரமா? சார், என்னை ஒரு சைக்கிள் தாண்டிப் போகும் சார். வேணும்னா அந்த சைக்கிள்காரரைக் கேளுங்க."

"இல்லண்ணே, மார்க் அப்படிச் சொல்லுது. வர்ற சனிக்கிழமைக்குள்ள அம்பதைத் தாண்டலைன்னா நோயாளிகள் வண்டியில உங்களை வைக்க முடியாது. பார்சல் வண்டிக்கு மாத்தச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு."

"அப்ப என் ஆளுங்களை யார் கூட்டிட்டுப் போவா?"

சூப்பர்வைசர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "புயல். அவருக்குத் தினமும் தொண்ணூத்தொன்பது."

புயல் என்கிற ஓட்டுநரைத் தெரியாதவர்கள் அந்த வளாகத்தில் இல்லை. அவர் வேன் உள்ளே வந்தால் தண்ணீர்க் குழாயடியில் நிற்பவர்கள் சுவர் ஏறுவார்கள். ஒருமுறை இவருக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் புயல் இந்த ஆறு பேரை ஏற்றிப் போனார். தையல்காரர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கித் தரையைத் தொட்டுக் கும்பிட்டார். அக்கா மூன்றாம் நாள் ஏறவே மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். ஒரு தடவைச் சிகிச்சை தவறியது. அன்று ராத்திரியே மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதாயிற்று. ஆக இது மார்க் விவகாரம் இல்லை. புயல் வந்தால் அக்கா ஏற மாட்டாள். ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று இவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"ஏங்க, போனுக்குத்தான் ஏதோ கோளாறு. மாத்திப் பாருங்க."

"மாத்தியாச்சு. உன் தம்பி போனை வாங்கி ஒரு நாள் வச்சுப் பார்த்தேன். அதுல இருபத்தெட்டு."

"என் தம்பி போன் வேற எப்படி இருக்கும்" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை, டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பாட்டில் வைக்கும் குழியில் வைத்தார். விளிம்பு வரைக்கும் தண்ணீர். அதைச் சிந்தாமல் ஆஸ்பத்திரி வரை ஓட்டினார். வேகத்தடைகள் ஏழு, சிக்னல்கள் நான்கு, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு பாழாய்ப்போன குழி. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பின்னால் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்துக் கை தட்டினார்கள். இறங்கும்போது டம்ளர் நிறைய இருந்த தண்ணீரைத் தையல்காரருக்கே காட்டினார். போனை வாங்கிப் பார்த்தார்.

இருபத்தொன்பது.

இதற்கு மேல் பொறுக்க முடியுமா? அலுவலக மாடியில் அந்தப் பக்கத்தை எழுதிய பெண் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். ஏறிப் போனார். கழுத்தில் பாட்டுக் கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு, ஆடும் நாற்காலியில் ஒரு பெண். சாப்பாட்டு டப்பா மூடிகூடத் திறக்காமல் மேசைமேல் இருந்தது.

"அம்மா, நீதானே இந்தப் பக்கத்தை எழுதினது?"

"ஆமாண்ணா. எது வேலை செய்யலை?"

"எல்லாம் வேலை செய்யுது. என் வேலைதான் போகப்போகுது."

அவள் சிரித்துவிட்டு, அவருடைய வண்டி எண்ணைத் தட்டினாள். திரையில் மார்க் வரவில்லை, கோடு கோடாக என்னவோ வந்தது. மேலும் கீழுமாகக் கிறுக்கித் தள்ளியிருந்தது. அவள் நாற்காலி ஆடுவது நின்றது.

"அண்ணா, இன்னிக்குக் காலையில எட்டு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு எங்கே இருந்தீங்க?"

"பெரிய சிக்னல். அதுல நின்னா நாலு நிமிஷம் போகும். என்ஜினைக் கூட அணைச்சுடுவேன்."

"ஆமா, வண்டி நகரலை. ஆனா அங்கே நின்னுக்கிட்டே பதினாறு தடவை திடீர் பிரேக் போட்டிருக்கீங்க."

"நிக்கிற வண்டிக்கு எதுக்கும்மா பிரேக்?"

"அது மட்டுமில்ல." அவள் விரலால் எண்ணினாள். "போன் எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னும் இது குறிச்சு வைக்கும். நேரா நிக்குதா, படுத்திருக்கா, தலைகீழா இருக்கான்னு. போன் ஹோல்டர்ல நேரா இருந்தா அது வண்டியோட சேர்ந்துதான் திரும்பும். இன்னிக்கு ஒரே பயணத்துல போன் பதினோரு தடவை தலைகீழா போயிருக்கு. அதாவது உங்க வண்டி பதினோரு தடவை கவிழ்ந்து, பதினோரு தடவை எழுந்து நின்னிருக்கு."

தொட்டில்காரர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"இவ்வளவும் இதுல இருக்கே, கீழே இருக்கிறவங்க பாக்க மாட்டாங்களா?"

"அவங்க மார்க்கை மட்டும்தான் பாப்பாங்க. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்." அவள் பெருமூச்சு விட்டாள். "அண்ணா, போனை யாராவது கையில வச்சிருந்தாங்களா?"

"சேச்சே. யார் கையிலயும் குடுக்க மாட்டேன். அக்காதான் பத்திரமா வச்சிருந்தா."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் விழுந்தது, என்ன சொன்னோம் என்று. அக்கா கையைக் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசியதாக அவருக்கு ஞாபகமே இல்லை. அவள் ஒருவர் அடித்ததைச் சொன்னால் அடித்துக் காட்டுவாள், ஒருவர் ஓடியதைச் சொன்னால் கையால் ஓடிக் காட்டுவாள். அந்தக் கையில்தான் போன்.

"அப்ப புயலுக்கு எப்படித் தொண்ணூத்தொன்பது?"

அவள் புயலின் எண்ணைத் தட்டினாள். திரையில் ஒரே ஒரு கோடு, அடிமட்டம் வைத்துக் கிழித்த மாதிரி. "இதைப் பாருங்க. நாள் முழுக்க ஒரு துளி அசைவு இல்லை. செங்கல் கூட இதைவிட அதிகமா அசையும். அனுமதி கேட்டப்போ வேண்டாம்னு அழுத்தியிருக்கார். அசைவே வந்து சேரலை. சேராததைக் குலுங்காததுன்னு எடுத்துக்கிட்டு மார்க் போட்டிருக்கு." முகம் சிவந்தது. "அது என் தப்புதான்."

அவளே சூப்பர்வைசருக்குப் போன் செய்து சொன்னாள். அவர் நம்பியும் நம்பாமலும், "சனிக்கிழமை காலையில நானே வண்டியில வர்றேன், கண்ணால பாத்தாத்தான் மேலே எழுத முடியும்" என்றார்.

அதற்குள் வியாழக்கிழமை ஒன்று இருந்ததே. காலையில் அக்கா ஏறியதும் கையை நீட்டினாள். தொட்டில்காரர் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, இன்னிக்கு ஹோல்டர்லயே இருக்கட்டுமே."

"ஏன்? நான் போட்டு உடைச்சிட்டேனா?"

"அதில்லக்கா..."

"கை நடுங்குதுன்னு யாராவது சொன்னாங்களா? உன் பொண்டாட்டி சொன்னாளா?"

"யாரும் சொல்லலக்கா. இந்தா, பிடி."

கொடுத்துவிட்டார். தன்னைத்தானே திட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார். பதினெட்டு டன் பஸ்ஸை மலைப்பாதையில் திருப்பியவருக்கு, அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. அன்றைக்கு மார்க் இருபத்தைந்து.

சனிக்கிழமை சூப்பர்வைசர் பின்சீட்டில் நடுவில் ஏறி உட்கார்ந்தார். தன் போனை முன்சீட்டின் முதுகுக் கம்பியில் இறுக்கிக் கட்டி, அதிலும் அதே பக்கத்தைத் திறந்துகொண்டார். முழங்காலில் மடிக்கணினி. இரண்டு போனும் என்ன சொல்கின்றன என்று அதில் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தது. அக்கா வழக்கம்போலப் பொறுப்பை வாங்கிக்கொண்டாள். புது ஆள் ஒருவர் வண்டியில் இருக்கிறார், கேட்க வேண்டுமா?

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"ஆகும்போது போட்டோக்காரனைப் பாத்து வையுங்க. எங்க குடும்பத்துல ஒரு கல்யாணப் போட்டோவால ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை நின்னுபோச்சு."

பின்னால் ஐந்து பேரும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். போட்டோ கதை அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். வண்டி பெரிய சிக்னலில் நின்றது. தொட்டில்காரர் என்ஜினை அணைத்தார்.

"எங்க பெரியப்பா மக கல்யாணம். எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க. போட்டோக்காரன் நெருங்குங்க, நெருங்குங்கன்றான்." அக்காவின் கை இரண்டு பக்கமும் ஆட்களை நெருக்கியது. "எங்க சித்தப்பா ஓரத்துல. நல்லா விறைப்பா, இடுப்புல கையை வச்சு நிக்கிறார். போட்டோ கழுவி வருது. பாத்தா எல்லாரும் இருக்காங்க, சித்தப்பா இல்லை. அவரோட முழங்கை மட்டும் இருக்கு! இந்தா, இப்படி!"

முழங்கை பறந்தது. கூடவே போனும் ஒரு சுற்றுச் சுற்றியது.

மடிக்கணினியில் ஒரு பக்கம் அமைதி. இன்னொரு பக்கம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது: திடீர் பிரேக். கடும் வலது திருப்பம். திடீர் பிரேக். வண்டி கவிழ்ந்தது.

சூப்பர்வைசர் வாயைப் பொத்திக்கொண்டார். முடியவில்லை. "அம்மா, அந்த முழங்கையை இன்னொரு தடவை காட்டுங்க."

"இப்படிப்பா!"

வண்டி கவிழ்ந்தது. தையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, நாம எல்லாரும் காலி" என்றார். பின்சீட்டே குலுங்கிச் சிரித்தது. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தப்பா கதைக்கு இவ்வளவு சிரிப்பு வந்ததில்லையே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்படக்கூடச் செய்தாள். அப்புறம் சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மார்க், சனிக்கிழமை கெடு, பார்சல் வண்டி, புயல்.

அக்கா கையில் இருந்த போனைப் பார்த்தாள். மெதுவாக அதை ஹோல்டரில் செருகினாள்.

"ஏன்டா, இத்தனை நாளா என் வாயாலயா உன் மார்க் போச்சு?"

"வாயால இல்லக்கா. கையால."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சிக்னல் பச்சை ஆயிற்று.

அன்று மாலையே பழைய மார்க்கையெல்லாம் தள்ளுபடி செய்து எழுதிவிட்டார் சூப்பர்வைசர். ஆறு பேரும் தொட்டில்காரருக்கே. புயலை எதிரில் நிறுத்திச் சரி என்று அழுத்தவைத்தார்கள். மறுநாள் அவருக்குப் பதினான்கு. பார்சல் வண்டிக்குப் போனவர் அவர்தான். பெட்டிகள் வாந்தி எடுக்காது.

கதை இதோடு முடிந்திருந்தால் தொட்டில்காரர் நிம்மதியாக இருந்திருப்பார். எங்கே? அடுத்த முறை அக்கா ஏறினாள், கையை நீட்டவில்லை. வலதுகையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. மார்க் தொண்ணூற்றாறு. அதற்கடுத்த முறையும் அப்படியே. தொண்ணூற்றேழு. பின்னால் தையல்காரர், "வங்கியில வரிசையில நிக்கிற மாதிரி இருக்குய்யா" என்றார்.

"அக்கா, ஏதாவது பேசேன்."

"பேசுனா கை வரும்."

"வந்தா வரட்டும்."

"வேண்டாம்ப்பா. உன் பொழைப்பு."

மார்க் குறைந்தபோது வந்த எரிச்சல் ஒரு மடங்கு என்றால், இந்த மௌனத்துக்கு வந்த எரிச்சல் பத்து மடங்கு. மூன்றாவது முறை, பெரிய சிக்னலில் நின்றபோது, அவரால் தாங்க முடியவில்லை. என்ஜினை அணைத்தார். பின்னால் திரும்பி, வேண்டுமென்றே உரக்கச் சொன்னார்:

"தையல்காரரே, அந்தப் போட்டோ கதை தெரியுமா? எங்க அக்கா கல்யாணத்துல எங்க மாமா முழங்கை மட்டும்..."

"என் கல்யாணமா? மாமாவா?" அக்கா சீட்டில் எம்பினாள். "அடப்பாவி! பெரியப்பா மக கல்யாணம்டா! மாமா நடுவுல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறார். ஓரத்துல நின்னது சித்தப்பா! சித்தப்பா முழங்கை, இந்தா..."

தொடைக்கு அடியில் இருந்த கை வெளியே வந்தது. வந்த வேகத்தில் முழங்கை ஹோல்டரில் மோதியது. ஹோல்டர் கழன்று, போன் கண்ணாடியில் அடித்து, கியர் கம்பியில் அடித்து, அவர் காலடியில் போய் விழுந்தது. போன் ஒரு கத்தல் போட்டது. திரையில் சிவப்பாக எழுத்து: கடும் மோதல். அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பப்படுகிறது.

சிக்னலைத் தாண்டி ஓரம் கட்டுவதற்குள் போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"அண்ணே! மோதலா? எல்லாருக்கும் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். எல்லாரும் நல்லா இருக்கோம்."

சூப்பர்வைசருக்குப் புரிந்துவிட்டது.

"அக்காவா?"

"அக்காதான் சார்."

"இன்னிக்கு மார்க்கை எடுத்துடுறேன். ஆனா அந்த ஹோல்டருக்கு நாலு ஸ்க்ரூ போடுங்கண்ணே, புண்ணியமாப் போகும்."

தொட்டில்காரர் பதில் சொல்வதற்குள் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "தம்பி, நீங்களே சொல்லுங்க. சொந்தச் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் வித்தியாசம் தெரியாதவன் கையில யார் இந்த வண்டியைக் குடுத்தது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அவர் கேட்கிறாரோ இல்லையோ, முழங்கையிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.